கணக்கில் வராத மோதல்கள்

றக்பி ஆட்டத்தின் ஆபத்தைப் பற்றிக் கண்டியில் பேச்செடுத்தால், யாரோ ஒருவர் மயங்கி விழுந்து தூக்குப்படுக்கையில் கொண்டுபோகப்பட்ட நாள்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அந்த நாள் மறக்க முடியாதது, அதனாலேயே ஆபத்து முழுவதும் அந்த நாளுக்குள் அடங்கிவிட்டதாக ஒரு நம்பிக்கையும் வளர்ந்துவிடுகிறது. மயக்கம் தெளிந்து, வைத்தியர் பார்த்து, சில வாரம் ஓய்வெடுத்து வீரன் மைதானத்துக்குத் திரும்பிவிட்டால் கணக்கு முடிந்தது என்று பெற்றோரும் பயிற்றுநரும் ஆறுதல் கொள்கிறார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் மூளை ஆய்வு திரட்டியிருக்கும் சான்றுகள் இந்த நம்பிக்கைக்கு எதிராக நிற்கின்றன. மூளையை நீண்ட காலத்தில் சிதைப்பதில், ஒருவரை வீழ்த்தும் பெரிய அடியைவிட, அடித்தவரும் வாங்கியவரும் கவனிக்காமலே எழுந்து ஓடும் ஆயிரக்கணக்கான சிறு மோதல்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அது சரியென்றால், கண்டியில் நாம் கவனிக்க வேண்டிய இடம் சனிக்கிழமைப் போட்டியைவிட வாரநாட்களின் மாலைப் பயிற்சிதான்.

இந்த நகருக்கும் றக்பிக்கும் உள்ள உறவு நூறு ஆண்டுகளைக் கடந்தது. இலங்கைப் பாடசாலைகளில் முதன்முதலாக இந்த ஆட்டம் கால்பதித்தது 1891இல், கிங்ஸ்வுட் கல்லூரியில், அதன் நிறுவுநர் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் அதிபராக இருந்தபோது. 1906இல் திரித்துவக் கல்லூரி அதை முறையான விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. 1945இல் தொடங்கிய பிராட்பி கேடயப் போட்டி கொழும்பு றோயல் கல்லூரியையும் திரித்துவக் கல்லூரியையும் ஆண்டுதோறும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. மலைநாட்டில் தேயிலை பயிரிட்ட ஆங்கிலேயத் துரைமார் திம்புல, டிக்கோயா பக்கங்களில் தமக்கென்று கழகங்கள் வைத்து ஆடிய ஆட்டம், இன்று தருமராஜ, வித்தியார்த்த, புனித சில்வெஸ்டர், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் என்று நகரைச் சுற்றியுள்ள பாடசாலைகளின் ஆட்டமாகிவிட்டது. 1874இல் பிறந்த கண்டி விளையாட்டுக் கழகம் நித்தவெல மைதானத்தை வீடாகக் கொண்டு தேசிய லீக் பட்டத்தைத் திரும்பத் திரும்ப வென்றிருக்கிறது. கிங்ஸ்வுட்டில் படித்த ஃபாசில் மரிஜா அந்தக் கழகத்துக்கும் நாட்டின் அணிக்கும் தலைமை தாங்கினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் பிள்ளைகள் ஒரே ஸ்க்ரமில் தோளோடு தோள் கோத்து நிற்கும் காட்சி இந்த நாட்டில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆகவே ஆட்டத்தை இகழ்வதற்காக இங்கு எதுவும் எழுதப்படவில்லை. அதை ஆடும் பிள்ளைகள் அறுபது வயதிலும் தம் பேரப்பிள்ளைகளின் பெயரை மறக்காமல் இருக்கவேண்டும் என்ற அக்கறைதான் இதை எழுத வைக்கிறது.

சிறு மோதல்களின் கதையைப் புரிந்துகொள்ள, பெரிய அடிகளையே தொழிலாகக் கொண்டவர்களிடமிருந்து தொடங்குவது நல்லது. வட அமெரிக்காவில் பனி ஹொக்கி ஆடும் தேசிய ஹொக்கி லீக்கில் பல பத்தாண்டுகளாக ‘என்ஃபோர்சர்’ என்றொரு வேலை இருந்தது. அந்த வீரர் கோல் அடிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தன் அணியின் திறமைசாலியை எதிரணி முரட்டுத்தனமாகத் தொட்டால், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எதிரணியின் சண்டைக்காரரோடு வெறுங்கையால் மோதுவதே அவர் கடமை. நடுவர்கள் உடனே விலக்கிவிட மாட்டார்கள், ஒருவர் பனித்தரையில் விழும்வரை பொறுப்பார்கள். தண்டனை ஐந்து நிமிடம் வெளியே உட்காருவது. டெரிக் பூகார்ட் என்ற கனடியர் 2005 முதல் மினசோட்டா வைல்ட் அணிக்கும் பின்னர் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணிக்கும் 277 ஆட்டங்கள் ஆடினார். அடித்த கோல்கள் மூன்று. ஆனாலும் 2010இல் நியூயோர்க் அவரை நான்கு ஆண்டுகளுக்கு 65 இலட்சம் டொலர் கொடுத்து எடுத்துக்கொண்டது. இரண்டு மீற்றர் உயரமும் அதற்கேற்ற முட்டியும் அந்தப் பணத்துக்குப் போதுமான தகுதியாக இருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு சண்டையில் தலையில் வாங்கிய அடிக்குப் பிறகு அவர் மறுபடி ஆடவேயில்லை. 2011 மே மாதம், 28ஆம் வயதில், வலிநிவாரணி மாத்திரைகளும் மதுவும் சேர்ந்து அவர் உயிரைப் பறித்தன.

குடும்பத்தார் அவர் மூளையைப் பொஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். நரம்பியல் நோய்க்கூறு வல்லுநர் ஆன் மக்கீ அதை ஆராய்ந்து, அந்த வயதுக்கு எதிர்பார்க்க முடியாத அளவில் சி.ரி.ஈ. இருப்பதைக் கண்டார். தலையில் நீண்ட காலம் மீண்டும் மீண்டும் விழும் அடிகளால் படிப்படியாக வளரும் மூளைச்சிதைவு நோய்க்கு அதுதான் சுருக்கப்பெயர். 1928இலேயே அமெரிக்க வைத்தியர் ஹரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டைக்காரர்கள் குடிபோதையில் இருப்பவர்போல் தள்ளாடுவதையும் பேச்சு குழறுவதையும் பதிவுசெய்திருந்தார். 2005இல் பெனட் ஒமாலு, மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் மூளையில் அதே நோயைக் கண்டதாக வெளியிட்டார். ஹொக்கியில் 2009இல் ரெஜி ஃபிளெமிங், அடுத்து பொப் புரோபர்ட், பின்னர் பூகார்ட். 2011ஆம் ஆண்டின் கோடையில் நான்கு மாதங்களுக்குள் பூகார்ட், ரிக் ரிப்பியன், வேட் பெலாக் என மூன்று சண்டைக்காரர்கள் இறந்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் 1967 முதல் லீக்கில் ஆடியவர்களின் பதிவுகளை எடுத்து, சண்டைக்காரர்கள் என்று வகுக்கத்தக்க 331 பேரை அதே காலத்தில், அதே இடத்தில் ஆடிய மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இறந்தவர்களின் தொகையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இறந்த சண்டைக்காரர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முந்தியே இறந்திருந்தார்கள், அவர்களின் சாவுகளில் போதைப்பொருள் மிகைப்பாடும் தற்கொலையும் கூடுதலாக இருந்தன.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. மாத்திரை தின்று இறந்தவரின் சாவுக்கு மூளைச்சிதைவு எப்படிப் பொறுப்பாகும்? முட்டி உடைந்து, தோள் கழன்று, அடுத்த சண்டையை நினைத்து இரவெல்லாம் தூக்கம் கெட்டவர்களுக்கு வலிநிவாரணி தேவைப்பட்டது, அது பழக்கமாகியது, பழக்கம் கொன்றது. இந்த விளக்கத்துக்கு மூளையில் படிந்த புரதம் தேவையில்லை. ரிப்பியன் நெடுங்காலம் மனச்சோர்வால் துன்புற்றவர், அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். சண்டைக்காரர்களின் அகால மரணங்கள் மட்டுமே நம் கையில் இருந்தால் அடிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவ முடியாது. ஒருவரை அடிவாங்குவதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் வாழ்க்கை பல வழிகளில் அவரைக் கொல்லக்கூடியது. எனவே சாவின் காரணத்தை விட்டுவிட்டு, மூளைக்குள் இருக்கும் நோயையும் ஆடிய காலத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளைத்தான் கேட்க வேண்டும்.

அப்படி ஒன்று 2024இன் இறுதியில் பொஸ்டனிலிருந்து வந்தது. தானமாகக் கிடைத்த 77 ஹொக்கி வீரர்களின் மூளைகளை ஆராய்ந்தவர்கள், தேசிய லீக்கில் ஆடிய 19 பேரில் 18 பேருக்குச் சி.ரி.ஈ. இருந்ததைக் கண்டார்கள். அதைவிட முக்கியமானது, ஆடிய ஒவ்வொரு மேலதிக ஆண்டுக்கும் நோய் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 34 சதவீதம் ஏறிக்கொண்டே போனது. சண்டைக்காரர்களிடம் நோய் கூடுதலாகத்தான் காணப்பட்டது. ஆனால் எத்தனை ஆண்டு ஆடினார்கள் என்பதைக் கணக்கில் சேர்த்தவுடன், சண்டைக்காரர் என்ற அந்தப் பாத்திரத்துக்குத் தனியான பங்கு எஞ்சவில்லை. கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்த சண்டைகளைவிட, பக்கச்சுவரோடு மோதுவது, தோளால் இடிப்பது, விழுந்து எழுவது என்று அன்றாட ஆட்டத்திலேயே கலந்திருந்த மோதல்களின் தொகைதான் நோயோடு நெருங்கி நின்றது. சண்டையே போடாமல் பதினைந்து ஆண்டு ஆடியவரை, சண்டை போட்டு ஐந்தாண்டில் விலகியவரைவிடப் பாதுகாப்பானவர் என்று சொல்வதற்கு இந்த ஆய்வு இடம்தரவில்லை. லீக்கின் ஆணையாளர் கேரி பெட்மன், ஹொக்கிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே பல ஆண்டுகளாகக் கூறிவந்தார். சண்டைகளின் எண்ணிக்கை கடந்த பதினைந்து ஆண்டுகளில் பாதிக்கும் கீழே குறைந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் ஆட்டம் பாதுகாப்பாகிவிட்டது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

சிறு அடிகள் ஏன் இப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன? 1943இல் ஒக்ஸ்ஃபோர்டின் இயற்பியலாளர் ஹொல்பர்ன், மூளை வடிவில் வார்த்த ஜெலற்றினைச் சுழற்றிப் பார்த்து ஒன்றை விளக்கினார். மூளையின் பருமனை அமுக்கிக் குறைப்பது மிகக் கடினம், அதன் வடிவத்தைத் திருகுவது மிக எளிது. தலை நேராக முன்னும் பின்னும் அசைவதைவிட, கழுத்தை அச்சாகக் கொண்டு சட்டென்று திரும்பும்போதுதான் உள்ளே பெரும் திரிபு உண்டாகிறது. ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மென்மையான உறுப்பு, மண்டையோடு நின்ற பிறகும் சற்று நேரம் திரும்பிக்கொண்டே இருக்கிறது. அப்போது நரம்பணுக்களின் நீண்ட இழைகள் இழுபடுகின்றன. மெதுவாக இழுத்தால் நெகிழ்ந்து மீளும் அந்த இழைகள், வேகமாக இழுபடும்போது விறைத்து உள்ளுக்குள் முறிகின்றன. இழையின் உள்ளே சரக்குகளைக் கொண்டுசெல்ல மிக நுண்ணிய குழாய்கள் தண்டவாளம்போல் ஓடுகின்றன. டௌ என்ற புரதம் அவற்றைத் தாங்கிப் பிணைக்கும் சிலிப்பர் கட்டைகளாக இருக்கிறது. இழுவிசையில் டௌ கழன்று, வேதியியல் மாற்றமடைந்து, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கட்டிகளாகிறது. மூளையின் மேற்பரப்பிலுள்ள மடிப்புகளின் அடிப்பள்ளத்தில், சிறு இரத்தக்குழாய்களைச் சுற்றி, இந்தக் கட்டிகள் முதலில் படிகின்றன. திசு திருகப்படும்போது அதிக விசை குவியும் இடமும் அந்த அடிப்பள்ளம்தான் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. அல்சைமர் நோயிலும் டௌ படிகிறது, ஆனால் இந்த இடத்தில் இந்த வடிவில் படிவதில்லை. அதனால்தான் நுண்ணோக்கியின் கீழ் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. உயிரோடிருப்பவரிடம் உறுதியாக அறிய இன்னும் வழி இல்லை என்பது இந்தத் துறையின் பெரும் துயரம்.

மூளை அதிர்ச்சி என்று வைத்தியர்கள் சொல்வது, இந்தத் திரிபு ஓர் எல்லையைத் தாண்டி, தலைச்சுற்றலும் குழப்பமும் மறதியும் வெளியே தெரியும் நிலை. எல்லைக்குக் கீழே நிற்கும் மோதலில் வீரர் எதையும் உணரமாட்டார், பரிசோதனையிலும் எதுவும் சிக்காது. எல்லை என்பது அறிகுறிக்கு உரியதே தவிர, இழைகளுக்கு நேரும் சேதத்துக்கு உரியது அன்று. 2023இல் வெளியான ஓர் ஆய்வு 631 அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைகளை எடுத்து, அவரவர் ஆடிய ஆண்டுகள், ஆடிய இடம், அந்த இடத்தில் தலைக்கவச உணரிகள் அளந்த விசை எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கிட்டது. ஒருவர் எத்தனை முறை மூளை அதிர்ச்சி அடைந்தார் என்ற எண்ணிக்கை நோயை முன்கூட்டிச் சொல்லவில்லை. தலை வாழ்நாளில் தாங்கிய மொத்த விசை சொன்னது. தலைக்கவசம் இங்கே உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது மண்டையோடு உடைவதையும் தோல் கிழிவதையும் தடுக்கும், உள்ளே மூளை திரும்புவதைத் தடுக்காது. றக்பியில் அணியும் மென்தொப்பியும் அப்படித்தான். அதைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியடையும் பெற்றோர் ஏமாறுகிறார்கள்.

இவை ஹொக்கியும் அமெரிக்கக் கால்பந்தும் தந்த சான்றுகள், றக்பிக்கு இவை எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். றக்பிக்கென்றே சான்று இப்போது இருக்கிறது. கிளாஸ்கோவின் வில்லி ஸ்டுவர்ட் குழு 412 முன்னாள் ஸ்கொட்லாந்து சர்வதேச வீரர்களை, வயதாலும் பிரதேசத்தாலும் வசதியாலும் ஒத்த 1,200க்கும் மேற்பட்ட பொதுமக்களோடு ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டது. நரம்புச்சிதைவு நோய்கள் வீரர்களிடம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதில் மறதிநோய் இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டியது, பார்க்கின்சன் நோய் மூன்று மடங்கு, இயக்க நரம்பணு நோய் பதினைந்து மடங்கு. அடுத்த ஆண்டு அதே குழுவினர் 31 முன்னாள் றக்பி வீரர்களின் மூளைகளில் 21இல் சி.ரி.ஈ. கண்டார்கள், ஆடிய ஒவ்வோர் ஆண்டும் வாய்ப்பை 14 சதவீதம் உயர்த்தியது. இவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு ஆடியவர்கள் அல்லர், கல்லூரியிலும் கழகத்திலும் விருப்பத்துக்காக ஆடியவர்கள். அதனால் இந்த எண்கள் கண்டிக்கு மிக நெருக்கமானவை. 2003இல் இங்கிலாந்துக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்த ஸ்டீவ் தொம்சன் நாற்பதுகளின் தொடக்கத்தில் மறதிநோய்க்கு ஆளாகி, அந்த இறுதிப்போட்டியில் ஆடியதே தனக்கு நினைவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு மனிதர் தன் வாழ்வின் உச்சத்தையே இழந்து நிற்பது எண்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது.

எதிர்வாதங்களில் வலுவானது, அந்த ஸ்கொட்லாந்து வீரர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்பது. உண்மைதான். அவர்கள் சராசரியாக ஏறத்தாழ 79 வயதில் இறந்தார்கள், ஒப்பீட்டில் இருந்தவர்கள் 76இல். உடற்பயிற்சி இதயத்தைக் காக்கிறது. ஆனால் காத்துக்கொடுத்த அந்த ஆண்டுகளைத்தான் மூளைநோய் தின்கிறது. ஒன்றின் நன்மை மற்றதன் தீமையை அழித்துவிடாது, இரண்டையும் பிரித்து நன்மையை மட்டும் வைத்துக்கொள்ள முயல்வதே அறிவு. அடுத்து, மூளையைத் தானம் செய்யும் குடும்பங்கள் ஏற்கெனவே நோயறிகுறியைக் கண்டு கவலைப்பட்டவை, ஆகவே 19இல் 18 என்பது எல்லா வீரர்களுக்கும் பொருந்தாது என்ற வாதம். இதுவும் சரி. அந்த விகிதத்தைப் பொதுவில் பரவியிருக்கும் நோயின் அளவாக யாரும் எடுக்கக்கூடாது. ஆனால் தானம் செய்தவர்களுக்குள்ளேயே, கூடுதல் ஆண்டு ஆடியவரிடம் கூடுதல் நோய் என்ற ஏறுவரிசை ஹொக்கியிலும் அமெரிக்கக் கால்பந்திலும் றக்பியிலும் ஒரேமாதிரித் தெரிகிறது. தானம் செய்பவர்களின் தேர்வுச் சாய்வு மட்டுமே மூன்று விளையாட்டுகளிலும் ஒரே ஏறுவரிசையை உண்டாக்கும் என்று நம்புவது கடினம். உலக றக்பி அமைப்பு நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, உணரி பொருத்திய பற்காப்புகளால் சாதாரணக் கழக வீரர்களை அளந்தபோது, தலைக்கு ஏற்பட்ட விசைகளில் 86 சதவீதம் ஓடுவதிலும் குதிப்பதிலும் ஏற்படும் விசைக்குச் சமமானவை அல்லது குறைந்தவை என்று அறிவித்தது. இதை ஆறுதலாகவும் வாசிக்கலாம். நான் மீதி 14 சதவீதத்தை வாசிக்கிறேன். ஒரு வீரர் பத்தாண்டில் சந்திக்கும் மோதல்களின் தொகையில் அந்தப் பங்கு சிறியதாக இருக்காது.

றக்பியின் சொந்த வரலாற்றிலும் இதே பாடம் இருக்கிறது. 1974இல் தென்னாபிரிக்கா சென்ற பிரித்தானிய-ஐரிஷ் லயன்ஸ் அணி, வில்லி ஜோன் மக்பிரைட் தலைமையில், ‘99’ என்று கூவினால் எல்லோரும் பக்கத்தில் நிற்கும் எதிராளியை ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டது. நடுவர் பதினைந்து பேரையும் வெளியேற்ற முடியாது என்பது திட்டம். சிவப்பு அட்டையும் தொலைக்காட்சி மறுபார்வையும் வந்தபின் அப்படிப்பட்ட குத்துகள் அநேகமாக ஒழிந்துவிட்டன. ஆனால் 1995இல் ஆட்டம் தொழில்முறையானதும் வீரர்கள் கனத்தார்கள், வேகம் கூடியது, டெக்கிள்களின் எண்ணிக்கை பெருகியது. மூளை அதிர்ச்சிகளில் பெரும்பாலானவை டெக்கிளில்தான் நிகழ்கின்றன. அதிலும் பந்தோடு ஓடிவருபவரைவிட அவரை மறித்து வீழ்த்துபவரே அதிகம் பாதிக்கப்படுகிறார். ஹொக்கி சண்டைக்காரர் ஒருவர் தன் அணிக்காகச் சுமந்த சுமையை, றக்பியில் சட்டம் முழுவதும் அனுமதிக்கும் வழியில், அணியின் பதினைந்து பேரும் பங்கிட்டுச் சுமக்கிறார்கள். யாருடைய தவறும் இல்லாமலே சேதம் சேர்கிறது. ஆகவே நடுவரைக் கடுமையாக்குவதால் மட்டும் இது தீராது.

எங்கே தீர்க்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உதவும். இவை அளந்த எண்கள் அல்ல, விகிதத்தைக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. ஒரு மாணவன் பருவத்தில் பன்னிரண்டு போட்டி ஆடுகிறான், ஒவ்வொன்றிலும் பத்து டெக்கிள் செய்கிறான் என்றால் மொத்தம் 120. அதே மாணவன் வாரத்துக்கு மூன்று மாலை, மாலைக்கு இருபது முழுவேக மோதல் என்று இருபத்துநான்கு வாரம் பயிற்சி செய்தால் 1,440. பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியில் தொடங்கி பாடசாலையை விட்டு வெளியேறும்வரை ஐந்து ஆண்டுகள் இப்படிப் போனால், போட்டியில் 600, பயிற்சியில் 7,200. பார்வையாளர் எவரும் காணாத, புள்ளிப்பலகையில் ஏறாத மோதல்கள் பன்னிரண்டு மடங்கு. இந்த விகிதம் பாதியாக இருந்தாலும் முடிவு மாறாது. பிராட்பி கேடயத்துக்காக ஆடும் நேரத்தில் ஒரு நிமிடத்தையும் குறைக்காமலே, ஒருவர் வாழ்நாளில் தாங்கும் விசையின் பெரும்பகுதியைக் குறைக்க முடியும் என்பதே இதன் பொருள். பதின்பருவ மூளையின் இழைகளைச் சுற்றிய கொழுப்புறை இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டிருக்கிறது, கழுத்துத் தசை தலையின் எடைக்கு ஈடாக இன்னும் தடிக்கவில்லை. குறைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வயது இல்லை.

மோதாமல் பயின்றால் மோதத் தெரியாமல் போய்விடும், போட்டியில் தவறாக டெக்கிள் செய்து கழுத்தை முறித்துக்கொள்வான் என்பது பயிற்றுநர்களின் அச்சம். அது அக்கறையிலிருந்து வரும் அச்சம், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். டார்ட்மத் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்றுநர் பட்டி டீவன்ஸ் 2010இல் தன் வீரர்கள் பயிற்சியில் ஒருவரையொருவர் வீழ்த்துவதை முழுவதும் நிறுத்தினார். பஞ்சுப் பொதிகளையும் நகரும் பொம்மைகளையும் வைத்து நுட்பத்தைக் கற்பித்தார். 2015இல் அந்த அணி தன் லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது, அடுத்த ஆண்டே அந்த லீக் முழுவதும் பருவகாலப் பயிற்சியில் முழு மோதலைக் கைவிட்டது. றக்பியில் உலக அமைப்பே 2021இல், தொழில்முறை வீரர்களுக்கு முழு மோதல் பயிற்சி வாரத்துக்குப் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று வழிகாட்டியது. சம்பளம் வாங்கும் வளர்ந்த ஆண்களுக்குப் பதினைந்து நிமிடம் போதுமென்றால், பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் கேட்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தின் பாடசாலைகளில், கழுத்தையும் உடல் கட்டுப்பாட்டையும் வலுவாக்கும் இருபது நிமிடப் பயிற்சியை வாரத்துக்கு மூன்று முறை தவறாமல் செய்த அணிகளில் மூளை அதிர்ச்சி 59 சதவீதம் குறைந்தது. அதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம், ஒரு புல்வெளியும் ஒழுங்கும் போதும். ஒழுங்குக்குக் கண்டியின் பாடசாலைகளில் பஞ்சமில்லை.

இது பணக்கார நாடுகளின் கவலை, நமக்கு இதைவிடப் பெரிய பிரச்சினைகள் இருக்கின்றன என்று சொல்பவர்களும் உண்டு. நான் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். ஐம்பத்தைந்து வயதில் மறதிநோய் கண்டவரைப் பராமரிக்கும் செலவும் உழைப்பும் வீட்டுப் பெண்களின் தோளில் விழும் சமூகத்தில்தான் தடுப்பு மிக அவசியம். தடுப்புக்கான செலவோ அநேகமாக ஒன்றுமில்லை. ஆட்டம் துணிவைக் கற்பிக்கிறது, மோதலைக் குறைத்தால் பையன்கள் மென்மையாகிவிடுவார்கள் என்ற வாதத்தைவிட எனக்கு வருத்தம் தருவது வேறில்லை. தலைச்சுற்றலை மறைத்துக்கொண்டு ஆடுவது துணிவு என்று கற்பித்தால், முதல் அதிர்ச்சி ஆறுமுன் விழும் இரண்டாவது அடி சில மணி நேரத்தில் மூளையை வீங்கச் செய்து கொல்லக்கூடும். 2011இல் வட அயர்லாந்தில் பாடசாலைப் போட்டி ஒன்றில் பதினான்கு வயது மாணவன் அப்படித்தான் இறந்தான். சந்தேகம் வந்தால் வெளியே எடுத்துவிடுங்கள் என்ற விதியின் பின்னால் அந்தப் பிள்ளையின் சாவு இருக்கிறது.

கிளாஸ்கோ ஆய்வுக்கு அடிப்படையாக இருந்தவை இரண்டே பொருட்கள்: பழைய அணிகளின் பெயர்ப்பட்டியலும் மருத்துவ, இறப்புப் பதிவுகளும். கண்டியில் பாடசாலைகளும் கழகங்களும் தம் பழைய அணிகளின் பெயர்களைப் பெருமையோடு காத்துவருகின்றன. 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவபீடம் மைதானங்களிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது, கண்டி தேசிய வைத்தியசாலை நகரிலேயே இருக்கிறது. 1960களிலும் 70களிலும் போகம்பரை, நித்தவெல மைதானங்களில் ஆடியவர்கள் இப்போது அறுபதுகளிலிருந்து எண்பதுகள்வரையான வயதில் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே வகுப்பில் படித்து றக்பி ஆடாமல் துடுப்பாட்டமோ தடகளமோ தேர்ந்தவர்களும் அதே நகரில் வாழ்கிறார்கள். ஒரே ஊர், ஒரே கல்வி, ஒத்த வசதி: ஒப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இரண்டு குழுக்களை ஓர் ஆய்வாளர் வேறெங்கு தேடுவார்? நினைவாற்றலையும் நடையையும் சோதிக்கும் எளிய பரிசோதனைகளோடு, எத்தனை ஆண்டு ஆடினார், எந்த இடத்தில் ஆடினார், வாரத்தில் எத்தனை மாலை மோதினார் என்ற கேள்விகளையும் அவர்களிடம் கேட்கலாம். கூடவே, இன்று ஆடும் ஒவ்வொரு அணியின் பயிற்றுநரும் ஒரு குறிப்பேட்டில் அன்றைய முழு மோதல் நிமிடங்களை எழுதிவைக்கத் தொடங்கினால், முப்பது ஆண்டுக்குப் பிறகு இதே கேள்வியைக் கேட்கப்போகும் ஆய்வாளருக்கு முன்னாள் வீரர்களின் நினைவை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை வராது.